சித்தப்பாவின் ரிப்போர்ட்டில் ஒரு வரி

எங்கள் குடும்ப வைபர் குழுவில் சித்தப்பாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. "எவ்வளவு வந்திருக்கு?" என்றுதான் கேட்பார்கள். இங்கே பர்மாவின் யாங்கோனில் இருப்பவர்கள், 1964-க்குப் பிறகு இங்கிருந்து கப்பலேறிப்போய்ச் சென்னை வியாசர்பாடியில் தங்கிவிட்ட பெரியப்பா வீட்டார், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தங்கச்சி, எல்லோருக்கும் அவருடைய ரத்தப் பரிசோதனையில் வரும் அந்த ஒரு எண் போதும். குறைந்திருந்தால் கைகூப்பும் படங்கள் வரிசையாக விழும். ஏறியிருந்தால் குழுவில் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள், ஆளாளுக்கு எனக்குத் தனியாகப் போன் போடுவார்கள்.

எனக்கு ஏன் என்றால், ஃபைல் என்னிடம் இருக்கிறது. நான் டாக்டரோ நர்ஸோ இல்லை. உளுந்தும் துவரையும் ஏற்றுமதி செய்கிற ஓர் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறவள். எண்களோடு பழகியவள்தானே என்று சித்தி ஃபைலை என் கையில் கொடுத்துவிட்டார். சித்தப்பாவுக்குக் கணையத்தின் தலைப்பகுதியில் புற்றுநோய்க் கட்டி. அறுவை சிகிச்சையும் கீமோவும் முடிந்துவிட்டன. இப்போது கண்காணிப்புக் காலம். இந்தக் காலத்தில் குடும்பத்தைப் பாடாய்ப் படுத்துவது சிஏ 19-9 என்கிற டியூமர் மார்க்கர்தான், அதாவது கட்டியின் போக்கைக் கவனிக்க ரத்தத்தில் அளக்கிற ஒரு பொருள். அதை எப்படிப் படிப்பது என்று டாக்டர்களைக் கேட்டும், தேடிப் படித்தும் நான் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். இதை வைத்து யாரும் மருந்தை மாற்றவோ நிறுத்தவோ வேண்டாம்.

முதலில் அது என்ன பொருள் என்று பார்த்துவிடலாம். சிஏ 19-9 ஒரு சர்க்கரைச் சங்கிலி, சில புரதங்களின் மேல் ஒட்டிக்கொண்டு ரத்தத்தில் சுற்றுகிறது. 1979-இல் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து விஸ்டார் ஆய்வு நிலையத்தில் ஹிலரி கொப்ரோவ்ஸ்கியும் அவரது குழுவினரும் பெருங்குடல் புற்றுச் செல்களை எலிகளுக்குச் செலுத்தி உருவாக்கிய எதிர்ப்பொருள்களில் ஒன்று இதை அடையாளம் காட்டியது. தேடியது பெருங்குடல் புற்றுக்கு, அதிகம் பயன்பட்டது கணையப் புற்றுக்கு. ஆனால் இதைப் புற்றுநோய்ச் செல் மட்டும் செய்வதில்லை. நல்ல கணையத்தின் நாளங்கள், பித்த நாளங்கள், பித்தப்பை இவற்றின் உள்வரிச் செல்களும் கொஞ்சம் கொஞ்சம் செய்துகொண்டுதான் இருக்கின்றன. ஒரு மில்லிலிட்டருக்கு 37 யூனிட் வரை சாதாரணம் என்று வைத்திருக்கிறார்கள். ரிப்போர்ட்டில் 37-க்கு மேலே போனாலே சிவப்பு மையிலோ தடித்த எழுத்திலோ அச்சாகும். வீட்டில் எல்லோரும் பார்ப்பது அந்த மையைத்தான்.

சித்தப்பாவின் முதல் எண் 1,480. கண்ணும் தோலும் மஞ்சளாகி, உடம்பெல்லாம் அரிப்பெடுத்து, யாங்கோனிலேயே பசுண்டானில் ஒரு டாக்டரிடம் காட்டியபோது எடுத்தது. மஞ்சள் காமாலை எவ்வளவு என்று காட்டும் பிலிருபின், அதே நாளில் எடுத்தது, 14. வியாசர்பாடி அண்ணன் இரவோடு இரவாக எதையோ படித்துவிட்டு, "ஆயிரத்தைத் தாண்டினா பரவிடுச்சுன்னு அர்த்தமாம் பாப்பா" என்று அழுதார். சித்தி சாப்பாட்டையே நிறுத்திவிட்டார். பித்த நாளத்தில் அடைப்பைத் திறக்க ஸ்டென்ட் என்கிற சிறு குழாய் வைத்து, பித்தம் வடிந்து, மஞ்சள் இறங்கிய பிறகு மறுபடி எடுத்தபோது 212. கட்டி அப்படியேதான் இருந்தது, ஒரு சொட்டு கீமோ கூட ஏறவில்லை.

இது அதிசயமில்லை. சிஏ 19-9 உடம்பை விட்டு வெளியேறுவதில் பித்தத்துக்கும் கல்லீரலுக்கும் பெரிய பங்கு. நாளம் அடைத்துக்கொண்டால் அது ரத்தத்துக்குள் திரும்பிவிடும். அடைப்பினால் எரிச்சலடைந்த நாளச் செல்கள் இன்னும் அதிகமாக அதைச் சுரக்கவும் செய்யும். பித்த நாளத்தில் வெறும் கல் அடைத்து, கூடவே கிருமித் தொற்றும் சேர்ந்தால், புற்றுநோயே இல்லாதவருக்குக்கூட ஆயிரக்கணக்கில் வரலாம். அதனால்தான் மஞ்சள் காமாலையோடு இருக்கும்போது எடுத்த எண்ணை ஆரம்பக் கணக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது, பிலிருபின் சீரான பிறகு எடுத்ததுதான் ஆரம்பம் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். ஃபைலில் 1,480 இருக்கிற தாளின் ஓரத்தில் நான் 'பிலிருபின் 14' என்று பேனாவால் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். இல்லாவிட்டால் அடுத்து ஃபைலைப் புரட்டுகிறவர், அறுவைக்கு முன்பே ஆயிரத்துச் சொச்சம் குறைந்துவிட்டது, ஏதோ நாட்டு மருந்து வேலை செய்திருக்கிறது என்று முடிவுகட்டுவார். எங்கள் குடும்பத்தில் அப்படி முடிவுகட்டக்கூடிய இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

அறுவை சிகிச்சை சென்னையில் நடந்தது. விப்பிள் அறுவை என்பார்கள். கணையத்தின் தலை, சிறுகுடலின் முதல் பகுதி, பித்தப்பை, பித்த நாளத்தின் கீழ்ப்பகுதி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மிச்சத்தைக் குடலோடு சேர்த்துத் தைப்பது. அது முடிந்த வாரமே மார்க்கர் எடுக்கச் சொல்லி அண்ணன் டாக்டரிடம் கேட்டிருக்கிறார். டாக்டர் மறுத்துவிட்டார். உடம்பு அறுவையின் அதிர்ச்சியிலிருந்து மீள வேண்டும், ரத்தத்தில் ஏற்கனவே இருப்பது கழிய வேண்டும், அதற்குச் சில வாரங்கள் ஆகும். கீமோ தொடங்குவதற்குச் சற்று முன்னால் எடுக்கிற எண்தான் பேசக்கூடிய எண். அமெரிக்காவில் நடந்த ஆர்டிஓஜி 9704 என்ற ஆய்வில், அறுவைக்குப் பிறகும் 180-க்கு மேல் இருந்தவர்களின் நிலைமை, அதற்குக் கீழே இருந்தவர்களைவிட மிகவும் மோசமாக இருந்தது. சித்தப்பாவுக்கு 31 வந்தது. அது நல்ல அறிகுறி என்றார் டாக்டர். குணமாகிவிட்டது என்று சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரியாத அளவில் மிச்சம் இருந்தாலும் எண் 37-க்குக் கீழே இருக்க முடியும். கீமோ கொடுப்பதே அந்த மிச்சத்துக்காகத்தான்.

கீமோவை யாங்கோனிலேயே வைத்துக்கொண்டோம். ஜெம்சிடபின் ஊசியும் கேப்சிடபின் மாத்திரையும், ஆறு மாதம். நடுவில் பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர் திருவிழா வந்து எல்லாம் மூடிக்கிடந்த நாட்களைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் இழுத்தது. இந்தக் காலத்தில் எண்ணில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, 24, 30, 27 என்று ஆடிக்கொண்டிருந்தது. 24-லிருந்து 30 ஆனதற்கு ஒரு தடவை எனக்கு ஒன்பது போன் வந்தது. இந்த அளவு ஏற்ற இறக்கம் ஒரே மனிதருக்கு ஒரே ஆய்வகத்தில்கூட வரும். உடம்பும் ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி இருப்பதில்லை, இயந்திரமும் அப்படித்தான்.

அறுவை செய்ய முடியாமல், கட்டி உள்ளே இருக்கும்போதே கீமோ எடுப்பவர்களுக்குக் கணக்கு வேறு. அவர்களுக்கு எண் எவ்வளவு சதவீதம் இறங்குகிறது என்று பார்ப்பார்கள். இரண்டு மாத வாக்கில் இறங்கியிருந்தால் மருந்து கேட்கிறது என்று ஓரளவு நம்பலாம். எத்தனை சதவீதம் என்பதில் ஆய்வுகளுக்குள் ஒற்றுமை இல்லை, சிலர் 20 என்கிறார்கள், சிலர் 50 என்கிறார்கள். இன்னொன்று, மருந்து நன்றாக வேலை செய்கிறவர்களிலேயே சிலருக்குத் தொடக்க வாரங்களில் எண் துள்ளி ஏறிவிட்டு அப்புறம் இறங்கும். செல்கள் உடையும்போது உள்ளே இருப்பது ரத்தத்தில் கொட்டுவதால் என்று விளக்குகிறார்கள். முதல் மாதத்து ஏற்றத்தைப் பார்த்துவிட்டு மருந்தை மாற்று என்று டாக்டரிடம் மல்லுக்கு நிற்பவர்கள் இதை நினைவில் வைத்தால் நல்லது.

கீமோ முடிந்ததும் சென்னைக்குப் போய் அறுவை செய்த டாக்டரைப் பார்த்தோம். கிளம்புவதற்கு முந்தைய வாரம் யாங்கோனில் 29. சென்னையில் 46. விமானத்தில் போய் இறங்குவதற்குள் ஒன்றரை மடங்கு. குழுவில் கைகூப்பும் படங்கள் நின்றுபோயின.

உண்மையில் எனக்கு அன்று பெரிய பதற்றம் இல்லை. காரணம் என் தொழில். உளுந்து மூட்டையில் ஈரப்பதம் பார்க்க எங்களிடம் ஒரு மீட்டர், சென்னையில் சரக்கெடுப்பவரிடம் இன்னொரு மீட்டர். இரண்டும் ஒரே மூட்டைக்கு ஒரே எண்ணைக் காட்டி நான் பார்த்ததே இல்லை. அதனால் பேரத்தில் எந்த மீட்டர் என்று முதலிலேயே பேசிவிடுவோம். சிஏ 19-9 அதைவிடச் சிக்கலான விஷயம். ரோஷ், அபாட், சீமென்ஸ், பெக்மன் என்று ஒவ்வொரு கம்பெனியின் இயந்திரமும் வேதிப்பொருளும் வேறு. ஒரே ரத்தத்தை இரண்டு இயந்திரத்தில் போட்டால் இரண்டு மடங்கு வித்தியாசம்கூட வரலாம். எடை பார்ப்பது போல் நேரடியாக அளக்கிற பொருள் இல்லை இது. எதிர்ப்பொருள் போய் ஒட்டிக்கொள்வதை வைத்துக் கணக்கிடுவது, ஒட்டுகிற விதம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதனால் யாங்கோன் எண்ணை யாங்கோன் எண்ணோடும், சென்னை எண்ணைச் சென்னை எண்ணோடும் மட்டும் ஒப்பிட வேண்டும். ஆய்வகத்தை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், ஒரே வாரத்தில் இரண்டு இடத்திலும் எடுத்து, புது இடத்துக்குப் புதிதாக ஓர் ஆரம்பக் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். எங்களைப் போல் இரண்டு நாட்டுக்கு நடுவே சிகிச்சை பார்க்கிற குடும்பங்களுக்கு இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஆய்வகத்துக்குள்ளேயே இயந்திரம் மாறினாலும் இதே கதைதான், ரிப்போர்ட்டின் அடியில் சிறிய எழுத்தில் முறையின் பெயர் இருக்கும். நான் ஒவ்வொரு தடவையும் அதைப் பார்க்கிறேன்.

யாங்கோனுக்குத் திரும்பியதும் இங்கே கீமோ பார்த்த சயாமா, பெண் டாக்டரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம், ஒரு கேள்வி கேட்டார். "விட்டமின் எதாவது சாப்பிடுகிறாரா?" கேப்சிடபினால் சித்தப்பாவின் உள்ளங்கையும் நகமும் வெந்துபோனது போலிருந்தன. முடிக்கும் நகத்துக்கும் நல்லது என்று சிங்கப்பூர்த் தங்கச்சி ஒரு டப்பா அனுப்பியிருந்தாள். அதில் பயோட்டின், ஒரு மாத்திரையில் 10,000 மைக்ரோகிராம். ஒரு நாளைக்கு உடம்புக்கு வேண்டியது ஏறக்குறைய 30. இந்த அளவுக்குப் பயோட்டின் ரத்தத்தில் மிதந்தால், பயோட்டினையே பசையாகப் பயன்படுத்துகிற சில பரிசோதனை முறைகள் குழம்பிவிடும். மார்க்கர் போன்ற பரிசோதனைகளில் எண் இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-இலேயே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. சயாமா டப்பாவை வாங்கிப் பார்த்துவிட்டு, ரத்தம் கொடுப்பதற்குச் சில நாள் முன்னால் நிறுத்தச் சொன்னார். சித்தி ஒரேயடியாக நிறுத்திவிட்டார். தங்கச்சிக்குக் கொஞ்சம் வருத்தம்தான். பொய்யாகக் குறைகிற எண்ணைப் பற்றி யாருமே சந்தேகப்படுவதில்லை என்பதை அன்று கவனித்தேன். ஏறினால் மட்டும் ஆய்வகத்தைத் திட்டுகிறோம்.

அடுத்த இரண்டு பரிசோதனைகளில் 33, அப்புறம் 71. இரண்டும் அதே யாங்கோன் ஆய்வகம், அதே முறை. இது கைதவறல் இல்லை, ஏற்றம்தான். "ஏம்மா, திரும்பி வந்திருச்சா?" என்று சித்தி கேட்டார். அந்தக் கேள்விக்கு மார்க்கரால் பதில் சொல்ல முடியாது. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கமான ஆஸ்கோவின் வழிகாட்டுதல் இதைத் தெளிவாகவே சொல்கிறது. சிஏ 19-9 ஏறியதை மட்டும் வைத்து நோய் திரும்பிவிட்டது என்று முடிவு செய்யக் கூடாது, ஸ்கேனோ, திசுவை எடுத்துப் பார்க்கிற பயாப்ஸியோ உறுதிப்படுத்த வேண்டும்.

சயாமா செய்த வரிசையை அப்படியே சொல்கிறேன். முதலில் கல்லீரல் பரிசோதனை. விப்பிள் அறுவையில் பித்த நாளத்தைக் குடலோடு தைத்திருப்பதால், அந்தத் தையல் இடம் சுருங்கலாம், குடல் கிருமி மேலே ஏறி நாளத்தில் தொற்று வரலாம். குளிர் காய்ச்சலோ, பிலிருபினிலும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்கிற நொதியிலும் ஏற்றமோ இருந்தால் மார்க்கரும் சேர்ந்து ஏறும். சித்தப்பாவுக்கு இதெல்லாம் சரியாக இருந்தது. அடுத்து சர்க்கரை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 9.8. கணையத்தில் ஒரு பகுதியை எடுத்துவிட்டார்கள், இன்சுலின் சுரப்பது குறைந்துவிட்டது. கீமோ முடிந்த சந்தோஷத்தில் சித்தப்பா தேங்காய்ப்பால் ஊற்றிய பலகாரமும் பால் டீயுமாக இருந்தார். சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருந்தாலே சிஏ 19-9 மிதமாக ஏறும் என்பது பல ஆய்வுகளில் தெரிந்த விஷயம். அப்புறம் எடை, பசி, முதுகுவலி பற்றிக் கேட்டார். எடை குறையவில்லை. கடைசியாக, சர்க்கரைதான் காரணம் என்று அதோடு விட்டுவிடாமல், படத்தில் தெளிவாகத் தெரிவதற்கான கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தி நெஞ்சும் வயிறும் சிடி எடுத்தார்கள். புதிதாக ஒன்றும் இல்லை. இன்சுலின் தொடங்கினார்கள். அடுத்த எண் 44.

44-ம் சிவப்பு மைதான். ஆனால் இறங்குகிற 44.

எல்லார் கதையும் இப்படி முடிவதில்லை. மோன் மாநிலத்துத் தட்டோனிலிருந்து வந்து கீமோ எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரும் நாங்களும் ஒரே வராந்தாவில் உட்கார்ந்திருப்போம், அவரும் தமிழர். அவருடைய எண் 40, 88, 210 என்று ஒவ்வொரு தடவையும் இரட்டிப்பாகப் போனது. பிலிருபின் சரி, சர்க்கரை சரி. பசி செத்துவிட்டது, இடுப்புப் பட்டையில் புதுத் துளை போட்டார். முதல் சிடியில் ஒன்றும் தெரியவில்லை, சில மாதம் கழித்து எடுத்ததில் கல்லீரலில் புள்ளிகள். மார்க்கர் ஸ்கேனை முந்திக்கொண்டு ஏறுவது அடிக்கடி நடப்பதுதான். ஒரு தடவை ஏறுவதைவிட, அதே ஆய்வகத்தில் அடுத்தடுத்து ஏறுவதும், ஏறுகிற வேகமும், கூட வருகிற உடம்பு மாற்றமும்தான் டாக்டர்களைக் கவலைப்படுத்துகின்றன.

ஸ்கேன் சுத்தமாக இருந்து எண் மட்டும் ஏறுகிற அந்த இடைப்பட்ட மாதங்கள்தான் கொடுமை. அப்போதே கீமோ தொடங்கிவிடலாமே என்று தோன்றும். எண்ணை மட்டும் நம்பி முன்கூட்டித் தொடங்குவதால் ஆயுள் கூடுகிறது என்பதற்கு உறுதியான நிரூபணம் இல்லை. பெரும்பாலும் சில வாரத்தில் மறுபடி எடுப்பார்கள், சிடியைச் சீக்கிரம் எடுப்பார்கள், சந்தேகம் தீராவிட்டால் கல்லீரலுக்கு எம்ஆர்ஐயோ பெட் ஸ்கேனோ. சில டாக்டர்கள் இந்தக் கட்டத்திலேயே சிகிச்சையைப் பற்றிப் பேசத் தொடங்குவதும் உண்டு. அது டாக்டரும் நோயாளியும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு, வைபர் குழு எடுக்க வேண்டியதில்லை.

எனக்கு இங்கே ஒரு கோபம் உண்டு. யாங்கோனில் நிறையப் பேர் ஸ்கேனுக்குப் பதிலாக மார்க்கர் எடுக்கிறார்கள். காரணம் புரிகிறது. 2021-க்குப் பிறகு பர்மிய நாணயமான கியாட் விழுந்த வீழ்ச்சியில் சிடி எடுப்பது நடுத்தரக் குடும்பத்துக்குப் பெரிய செலவு, சென்னை போவதென்றால் பாஸ்போர்ட், விசா, டாலர் என்று இன்னொரு மலை. ஒரு குழாய் ரத்தம் மலிவு. ஆனால் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துப் பேருக்கு இந்தச் சர்க்கரைச் சங்கிலியைச் செய்கிற நொதி பிறவியிலேயே கிடையாது. லூயிஸ் ரத்த வகை இல்லாதவர்கள் என்பார்கள். அவர்களுக்குக் கட்டி எவ்வளவு வளர்ந்தாலும் எண் பெரும்பாலும் ஒன்றிலோ இரண்டிலோ நிற்கும். சிகிச்சைக்கு முன்பே கட்டி இருந்தபோதும் எண் அடிமட்டத்தில் இருந்திருந்தால், அந்த ஆளுக்கு இந்தப் பரிசோதனையால் பயன் குறைவு. சிஇஏ, சிஏ 125 போன்ற வேறு மார்க்கர்களைப் பார்ப்பார்கள், ஸ்கேனைத்தான் அதிகம் நம்புவார்கள். 'எங்களுக்கு எப்பவும் 2தான், சாமி புண்ணியம்' என்று காளி கோயிலில் அர்ச்சனை செய்கிற ஒரு குடும்பத்திடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், டாக்டரிடம் ஆரம்ப எண்ணைக் காட்டிக் கேளுங்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

அண்ணனுக்கு மாதாமாதம் எடுக்க வேண்டும் என்று ஆசை. "ஏறினா உடனே தெரியுமில்ல?" என்கிறார். தெரிந்து என்ன செய்யப்போகிறோம் என்று திருப்பிக் கேட்டால் அவரிடம் பதில் இல்லை. சிகிச்சை முடிந்தவர்களுக்கு முதல் இரண்டு வருடம் மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு முறை, ஸ்கேனோடு சேர்த்துப் பார்ப்பதுதான் பல இடங்களில் வழக்கம். நடுவில் எடுக்கிற எண்கள் சித்தியின் தூக்கத்தைக் கெடுப்பதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, அதே ஆய்வகத்தில், கல்லீரல் பரிசோதனையும் ஹெச்பிஏ1சியும் சேர்த்து. நான் ஒரே தாளில் தேதி, எண், பிலிருபின், சர்க்கரை, எடை, முறையின் பெயர், அப்போது காய்ச்சல் இருந்ததா என்று வரிசையாக எழுதி வைக்கிறேன். சயாமா ஃபைலைத் திறப்பதில்லை, அந்தத் தாளை மட்டும் பார்க்கிறார்.

அடுத்த ஸ்கேன் சென்னையில். விசா வந்துவிட்டது. இந்தத் தடவை யாங்கோனில் எடுத்த சிடியின் அறிக்கைத் தாளை மட்டும் கொண்டுபோகாமல், படங்கள் பதிந்த வட்டையும் எடுத்துப்போகிறோம். விப்பிள் செய்த இடத்தில் ரத்தக் குழாயைச் சுற்றித் தழும்பு தடித்துத்தான் இருக்கும், ஒரே படத்தை வைத்து அது தழும்பா நோயா என்று சொல்வது கஷ்டம், பழைய படத்தின் பக்கத்தில் வைத்து வளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். வட்டு ஒன்று கீறல் விழுந்து திறக்காமல் போகலாம் என்பதால் பென் டிரைவிலும் ஒரு நகல் போட்டுக்கொண்டேன்.